திசு வளர்ப்பு வாழையும் மரபணு மாற்றுப் பயிரும் ஒன்றா? உயிரித் தொழில்நுட்பம் குறித்து ஒரு கேள்வி

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொட்டியத்துக்கு அருகே எங்களுக்கு மூன்று ஏக்கரில் வாழைத் தோட்டம் இருக்கிறது. நான் வெளியூரில் வேலை பார்ப்பதால் அப்பாதான் அதைக் கவனித்துவருகிறார். சென்ற முறை நட்ட கன்றுகளில் பலவற்றுக்கு முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் வந்து, தார் தள்ளாமலேயே நின்றுவிட்டன. கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதாயிற்று. கன்றுகளை வேறொரு தோட்டத்திலிருந்து வாங்கியிருந்தோம், நோயும் அவற்றோடுதான் வந்தது.

இம்முறை ஜி9 ரகத்தின் திசு வளர்ப்புக் கன்று நடலாம் என்று நான் சொன்னதும், “மரபணுவை மாற்றிய கன்று என் மண்ணில் வேண்டாம்” என்று அப்பா ஒரே சொல்லாக மறுத்துவிட்டார். திசு வளர்ப்பும் மரபணு மாற்றமும் ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றுகிறது; ஆனால் அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் போதவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அப்பா பதினான்கு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அந்த இன்சுலினே மரபணு மாற்றிய நுண்ணுயிரில் விளைவதாகப் படித்திருக்கிறேன். அதை அவரிடம் சொன்னால் மருந்தையும் நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். உயிரித் தொழில்நுட்பம் என்றால் உண்மையில் என்ன, அதற்குள் எவையெல்லாம் அடங்கும் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

---

கரும்பலகை எழுதியது:

வணக்கம் தம்பி. முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

உயிருள்ளவற்றையோ அவற்றின் உறுப்பு, செல், நொதி போன்ற பகுதிகளையோ கொண்டு மனிதருக்குப் பயன்படும் பொருளை உண்டாக்கும் முறைகள் அனைத்துக்கும் உயிரித் தொழில்நுட்பம் என்பது பொதுப்பெயர். 1919-இல் கார்ல் எரெக்கி என்ற ஹங்கேரியப் பொறியாளர் இச்சொல்லை நூலொன்றின் தலைப்பில் வைத்தபோது, பெரும் பண்ணைகளில் இறைச்சியும் கொழுப்பும் பாலும் உற்பத்தி செய்வது பற்றித்தான் எழுதினார். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்ததே 1953-இல்தான். ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி இன்னோர் உயிருக்குள் ஒட்டி, அது அங்கே வேலை செய்யும் என்று ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் காட்டியது 1973-இல். ஆகவே மரபணு மாற்றம் என்பது இந்தப் பெரிய வீட்டுக்குள் பின்னால் கட்டிய ஓர் அறை. அந்த ஓர் அறையின் பெயரால் வீடு முழுவதையும் அழைப்பதால்தான் உங்கள் தந்தையாருக்கும் அவரைப் போன்ற பலருக்கும் குழப்பம் நேர்கிறது.

நெல் விதையை நாற்றங்காலில் விடுமுன், கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊறவைக்கும் வழக்கம் உங்கள் பகுதியில் இருக்கும். அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா ஆகியவற்றையும் உங்கள் தந்தையார் அறிந்திருப்பார். இவை யாவும் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, தொட்டியில் பெருக்கிப் பொட்டலமிட்ட நுண்ணுயிர்கள். உயிரித் தொழில்நுட்பந்தான், ஆனால் இவற்றில் எந்த மரபணுவையும் யாரும் தொடவில்லை.

எந்தப் பொருளைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும், “இதில் அந்த உயிருக்கு என்ன செய்தார்கள்?” என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. பெருக்கினார்களா, பிரித்தெடுத்தார்களா, அதன் மரபெழுத்தை மாற்றினார்களா என்பது தெரிந்த பிறகுதான் நல்லது கெட்டது பேச முடியும்.

---

குடுவைச்செடி எழுதியது:

காவிரிக்கரை, நான் பதினோர் ஆண்டுகளாக வாழைத் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்பதை உங்கள் அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

நல்ல தார் தந்த, நோய்க்குறி இல்லாத தாய்மரத்தைத் தேர்ந்து, அதன் ஈட்டிக் கன்றைத் தோண்டி எடுத்து வருவோம். மண் போகக் கழுவி, வேரைச் சீவி, பூசணக்கொல்லியில் ஊறவைப்போம். பிறகு இலையுறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால், முழங்கை நீளம் இருந்த கன்று கடைசியில் விரல் நுனி அளவு வெள்ளைக் குருத்தாக வந்து நிற்கும். வாழைக்காய் நறுக்கினால் கறை ஏறுகிறதே, அதைப்போலக் கத்தி பட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகும் என்பதால் கை வேகமாக ஓட வேண்டும். அந்தக் குருத்தைக் கிருமி நீக்கி, வடிகட்டிய காற்று வீசும் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடிக் குடுவையில் உள்ள ஊடகத்தில் நிறுத்துவோம்.

அந்த ஊடகத்தில் இருப்பது செடி மண்ணிலிருந்து எடுக்கும் அதே உப்புகள், சில வைட்டமின்கள், லிட்டருக்கு முப்பது கிராம் சர்க்கரை, உறையவைக்கக் கடற்பாசியிலிருந்து எடுத்த அகர். 1962-இல் முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கலவையைத்தான் சிறு மாறுதல்களோடு இன்றும் பயன்படுத்துகிறோம். இத்துடன் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சேர்ப்போம். தாய்மரத்தின் அடியில் உறங்கும் மொட்டுகளைத் தட்டியெழுப்பிப் பக்கக் கன்றாக வரவைப்பது மரத்துக்குள்ளேயே சுரக்கும் இந்த வகை ஊக்கிதான். தோட்டத்தில் ஒரு மரம் சில கன்றுகள் விடுகிறது என்றால், குடுவைக்குள் அதே குருத்து மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கொத்தாகக் கிளைக்கிறது. நாங்கள் அதைப் பிரித்துப் பிரித்துப் புதுக் குடுவைகளில் வைக்கிறோம். வெளியிலிருந்து எந்த மரபணுவும் அதற்குள் போவதில்லை.

எங்கள் தொழிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பிரித்து வைப்பதை அளவுக்கு மீறித் தொடர்ந்தால், குட்டையாகவோ இலை ஒடுங்கியோ மாறுபட்ட கன்றுகள் வரும். அதனால்தான் எட்டுச் சுழற்சிக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. குருத்து நுனியிலிருந்து வளர்த்ததாலேயே கன்றில் வைரஸ் இருக்காது என்றும் எண்ணிவிடக் கூடாது. தாய்மரத்தில் வைரஸ் ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் பெருக்கிவிடுவோம். ஆகவே தாய்மரத்தையும் கன்றுத் தொகுதியையும் பிசிஆர் முறையில் சோதிக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்த சோதனையின் அடிப்படைதான் இங்கும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் இதற்கென ஒரு சான்றளிப்பு முறையை நடத்துகிறது. அந்தச் சான்று இல்லாத இடத்தில் விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

---

மருந்துக்கடல் எழுதியது:

மதுரையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இன்சுலின் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்கள் தந்தையார் போட்டுக்கொள்வது பெரும்பாலும் மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ விளைந்த இன்சுலினாகத்தான் இருக்கும். புட்டியின் மீது மருந்தின் பெயருக்கு அருகே “ஆர்-டிஎன்ஏ” (மரபணுவை வெட்டி ஒட்டும் முறையில் செய்தது என்று பொருள்) என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இதை அவரிடம் மறைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். மறைத்து, பின்னாளில் யாரோ அரைகுறையாகச் சொல்லித் தெரிந்துகொண்டால்தான் ஆபத்து.

1921-இல் டொரண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டபோது, அது தூய்மையாக இல்லாததால் ஒவ்வாமைதான் வந்தது. அவர்கள் குழுவிலிருந்த உயிர்வேதியியலாளர் காலிப் அதை மேலும் சுத்திகரித்துக் கொடுத்த பின்னரே இரண்டாம் முறை பலன் கிடைத்தது. அதற்குப் பின் அறுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் மாட்டின் கணையத்தையும் பன்றியின் கணையத்தையும் நம்பியே நீரிழிவு நோயாளிகள் வாழ்ந்தார்கள். டன் கணக்கில் கணையத்தை அரைத்தால் கிடைப்பது சில நூறு கிராம் மருந்து. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம். பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் இடத்தில் வேறுபடுகிறது, மாட்டினுடையது மூன்று இடங்களில். இந்த வேறுபாட்டாலும் அதில் கலந்திருந்த பிற பொருள்களாலும் சிலருக்கு ஊசி போட்ட இடம் தடித்துச் சிவந்தது, சிலருக்குத் தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து குழி விழுந்தது. அப்படிக் குழி விழுந்த கைகளைப் பழைய நோயாளிகள் சிலரிடம் நானே பார்த்திருக்கிறேன்.

1978-இல் மனித இன்சுலினுக்கான டிஎன்ஏவை ஆய்வகத்தில் செய்து, பாக்டீரியாவில் உள்ள பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் பொருத்தினார்கள். பாக்டீரியா அதைத் தன் வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொண்டு இன்சுலினைச் செய்யத் தொடங்கியது. 1982-இல் அது அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. தொட்டியில் வளரும் நுண்ணுயிரை உடைத்தோ, அது வெளியே சுரந்ததை வடித்தோ, புரதத்தை மட்டும் பலமுறை சுத்திகரித்துத்தான் புட்டியில் அடைக்கிறார்கள். உங்கள் தந்தையாரின் உடலுக்குள் போவது இன்சுலின் புரதம். அதைச் செய்த பாக்டீரியா தொழிற்சாலையைத் தாண்டுவதில்லை.

எக்காரணம் கொண்டும் மருத்துவரைக் கேட்காமல் அவர் ஊசியை நிறுத்தக்கூடாது. இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

---

பருத்திக்காடு எழுதியது:

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரிப் பருத்தி போடுகிறவன். மேலே எழுதியவர்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் காவிரிக்கரையின் அப்பா அஞ்சுவதற்குக் காரணமே இல்லை என்பதுபோல் பேச்சு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

காய்ப்புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு 2002-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் பச்சைக் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் வேலை வெகுவாகக் குறைந்தது உண்மை. மருந்து தெளித்துவிட்டு இரவெல்லாம் கண்ணெரிச்சலோடு படுத்திருந்த எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இங்கே விற்றது ஒட்டுவீரிய விதை. எடுத்து வைத்து மறுமுறை விதைக்க முடியாது, ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். விதை விலை எவ்வளவு ஏறியது என்றால், 2006-இல் ஆந்திர அரசே முறையிட்டு 450 கிராம் பொட்டலத்தின் விலையை 750 ரூபாயாக இறக்க வேண்டியிருந்தது.

அப்போது விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனியாக வந்தது. வயலைச் சுற்றி அதை விதைக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. எதற்கு என்று விதை விற்றவர் எனக்குச் சொல்லவில்லை. புழு தின்னும் செடிக்கு எதற்கு இடம் கொடுப்பது என்று நானும் மற்றவர்களும் அதை வீசிவிட்டோம். இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் புகுந்து சுளையையே தின்கிறது, மறுபடியும் மருந்துத் தெளிப்பானைத் தூக்குகிறோம். அந்தச் சிறு பொட்டலத்தின் காரணத்தை இருபது ஆண்டுகள் கழித்து நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அறிவியல் நன்றாகத்தான் இருக்கும். அது எங்கள் கைக்கு வரும்போது பாதி விவரம் வழியிலேயே தங்கிவிடுகிறது.

---

கரும்பலகை எழுதியது:

பருத்திக்காடு எழுதியதை ஒரு வரி விடாமல் ஏற்கிறேன். அவர் வீசிய அந்தப் பொட்டலத்தின் காரணத்தை மற்றவர்களுக்காகவும் விளக்கிவிடுகிறேன்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியா ஒரு புரதத்தைச் செய்கிறது. காரத்தன்மை உள்ள புழுவின் குடலில் அது கரைந்து, குடற்சுவரில் உள்ள ஏற்பிகள் என்ற புரதங்களைப் பற்றிக்கொண்டு, சுவரில் துளையிடுகிறது. மனிதரின் இரைப்பையில் அமிலம், குடலில் அந்த ஏற்பி இல்லை. அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்திக்குள் வைத்ததே பிடி பருத்தி. கோடிக்கணக்கான புழுக்களில் இயல்பாகவே எதிர்ப்பு உள்ளவை சில பிழைக்கும். சுற்றிலும் சாதாரணப் பருத்தி இருந்தால் அங்கே வளர்ந்த எதிர்ப்பற்ற பூச்சிகளோடு அவை இணைந்து, எதிர்ப்புத் தன்மை நீர்த்துப் போகும். அந்த ஓரப் பயிர் இல்லாவிட்டால் எதிர்ப்புள்ளவை தமக்குள்ளேயே பெருகும். ஒரு பிடி மரபணு மட்டும் கொண்ட பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டது குஜராத்தில் 2010-க்குள் உறுதியாயிற்று. பின்னர் இரண்டு மரபணு கொண்ட விதையையும் அது தாண்டிவிட்டது.

இதையொட்டி எழும் உரிமைச் சிக்கலும் பெரிது. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றை உருவாக்கிய ஆனந்த சக்கரவர்த்தி என்ற வங்காள அறிவியலாளரின் வழக்கில்தான், மனிதர் உருவாக்கிய உயிருக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதையின் விலை பற்றிய வாதங்களின் வேர் அங்கே இருக்கிறது. அதே வேளையில், ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இங்கேயே மரபணு முறையில் செய்து வெளியிட்டதும், இறக்குமதி செய்த தடுப்பூசியின் விலையில் சிறு பங்குக்கே அது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டியது. அறிவியல் முறை ஒன்றுதான். யார் செய்தார்கள், எந்த விலைக்கு விற்றார்கள் என்பதில் விளைவு வேறாயிற்று.

பிடி கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் நம் நாட்டில் தடை விதிக்கப்பட்டதும், வங்கதேசம் அதையே 2013-இல் அனுமதித்ததும் தனி இழைக்குரிய விவாதம். இங்கே வாழைக்குத் திரும்புவோம்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், இங்கே எழுதப்பட்டவற்றை அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

இன்சுலின் பகுதி வந்ததும் அவர் எழுந்து போய்க் குளிர்பெட்டியிலிருந்து புட்டியை எடுத்துவந்து, என் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் எழுத்துக் கூட்டி “ஆர்-டிஎன்ஏ” என்று வாசித்தாள். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பதினான்கு வருடமாக என் உடம்பில் ஏற்றிக்கொள்கிறேன், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே” என்றார். மருந்தின் மீது அவருக்குக் கோபம் இல்லை, யாரும் சொல்லவில்லை என்பதில்தான் வருத்தம். அன்று இரவும் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டார்.

குடுவைக்குள் நடப்பதைக் கேட்டபின், அது மரபணு மாற்றம் அல்ல என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. “ஆயிரம் கன்றும் ஒரே தாயின் குருத்து என்றால், ஒன்றுக்கு வந்த நோய் ஆயிரத்துக்கும் வருமே?”

---

குடுவைச்செடி எழுதியது:

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே உறக்கம் கெடுக்கும் கேள்வி இது.

பக்கக் கன்றும் தாயின் நகல்தான். நாம் உண்ணும் வாழையில் விதை இல்லாததால், மனிதர் தலைமுறை தலைமுறையாக நகலையே நட்டு வந்திருக்கிறோம். ஆனால் தொட்டியம், லால்குடி வட்டாரத்தில் பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் ஏலரிசியும் கலந்து நின்றன. ஒரே ரகத்தை ஊர் முழுக்க நிரப்புவதைத் திசு வளர்ப்பு எளிதாக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில் ஏற்றுமதி வாணிபத்தை ஆண்ட குரோ மிஷேல் என்ற ரகத்தைப் பனாமா வாடல் என்ற பூசண நோய் வீழ்த்தியது. அதற்கு மாற்றாக வந்த கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நீங்கள் வாங்க நினைக்கும் ஜி9. இப்போது அந்தக் கேவண்டிஷையும் தாக்கும் புதிய வகைப் பூசணம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. இதற்கு எதிராகக் காட்டு வாழையின் மரபணு ஒன்றைப் புகுத்திய கேவண்டிஷுக்கு 2024-இல் ஆஸ்திரேலியா ஒப்புதல் அளித்தது. ஆகவே மரபணு மாற்று வாழை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் கன்று அதுவன்று. இந்தியாவில் வணிக அளவில் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றே.

சோதித்துத் தரும் திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வருகிறது, ஆனால் நோயை எதிர்க்கும் வலிமை அதற்குக் கூடுதலாக வந்துவிடுவதில்லை. வாடல் கண்ட மண்ணில் வைத்தால் அதுவும் வாடும். முடிக்கொத்து நோயைப் பரப்புவது வாழை அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி என்பதால், பக்கத்தில் நோய்ப்பட்ட ஒரு வாழை மூடு நின்றாலும் சில வாரங்களில் உங்கள் சுத்தமான கன்றுக்கும் வந்துவிடும். கீழ்ப் பழனி மலையில் விருப்பாட்சி வாழையை இந்நோய் ஏறக்குறைய துடைத்தெறிந்தபோது, நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டே அதை மீட்க முனைந்தார்கள். அங்கும் பழைய மூடுகளை ஒழிப்பதே கடினமான வேலையாக இருந்தது.

கன்று வாங்கும்போது, வெளிச்சூழலுக்குப் பழக்கும் வேலையான கடினப்படுத்துதலின் இரண்டாம் கட்டம் முடிந்து, பையில் ஓரடி உயரமும் ஐந்தாறு இலையும் உள்ளதாகப் பாருங்கள். குடுவைக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது. நிழல்வலைக்குள் பல வாரம் பழகாமல் வெயிலுக்கு வந்தால் இரண்டே நாளில் கருகிவிடும். இளங்கன்றின் இலையில் செம்பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் அப்பா அஞ்ச வேண்டாம், திசு வளர்ப்புக் கேவண்டிஷில் அது இயல்பு, வளர வளர மறைந்துவிடும். காம்பிலும் நடு நரம்பிலும் கரும்பச்சைக் கோடும் புள்ளியுமாகத் தெரிந்தால் மட்டும் அந்தக் கன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

பருத்திக்காடு எழுதியது:

காவிரிக்கரை, மூன்று ஏக்கரையும் ஒரே கன்றால் நிரப்பாதீர்கள். இரண்டு தெளிப்பு மிச்சம் என்று மொத்தக் காட்டையும் ஒரே விதைக்குக் கொடுத்தவன் சொல்கிறேன்.

---

காவிரிக்கரை எழுதியது:

அப்பாவும் அதையேதான் சொன்னார். வாடல் கண்டிராத மேட்டுப் பகுதியில் ஓர் ஏக்கருக்கு ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் 1,200 திசு வளர்ப்புக் கன்றுகள் வைக்கிறோம். மற்ற இரண்டு ஏக்கரில், நோயில்லாத தோப்பில் அவரே பார்த்துத் தேர்ந்த பூவன் கன்றும் கொஞ்சம் ரஸ்தாளியும் போடுகிறார். நாற்றங்காலில் கேட்க வேண்டியவற்றை என் மகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்: சான்று எண், எத்தனையாவது சுழற்சி, தாய்மரம் எந்த ஊர்.

வாய்க்கால் ஓரத்தில் சென்ற போகத்து மூடுகள் இரண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தன. முந்தாநாள் முதலில் அசுவினிக்கு மருந்தடித்து, இன்று காலையில் கிழங்கின் கடைசித் துண்டு வரை தோண்டி எடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.